ஊர் வைஃபை: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

அணைக்கட்டுப் பக்கம் செல்போனும் ரேடியோவும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து நான்கு இடங்களில் ரூட்டர் பெட்டி வைத்து, ஊருக்குள் மட்டும் ஓடுகிற ஒரு கம்பியில்லா வலையமைப்பை அமைத்தோம். பள்ளிக்கூடம், நூலகம், பால் சங்கம், காலனி சமுதாயக்கூடம் ஆகியவைதான் அந்த நான்கு இடங்கள். ஊர்க்காரர்கள் பேசிய பேச்சு, எடுத்த படம், வரைந்த வரைபடம் எல்லாம் அதில் இருக்கின்றன.

அன்று முதல் சார்ஜர் வாங்க வருகிறவர்கூட ஒரு சந்தேகத்தோடு வருகிறார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் விசாரிக்கிறார்கள். ஒரே பதிலை நாற்பது முறை சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் தொனியிலேயே விட்டிருக்கிறேன். சில கோபமாகக் கேட்கப்பட்டவை.

இன்டர்நெட் இல்லாத வைஃபையா? அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஊறுகாய் போடுவதா?

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது இரண்டு கருவிகள் கம்பி இல்லாமல் பேசிக்கொள்ளும் வழி. அந்த வழியின் மறுமுனையில் உலகம் முழுவதும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நூலகத்து அலமாரியில் இருக்கும் உள்ளங்கை அகலக் கணினி ஒன்று இருந்தாலே போதும். ராஸ்பெர்ரி பை என்று அதற்குப் பெயர். உங்கள் செல்போன் அந்தக் கணினியோடு பேசும். அதில் இருப்பதைக் கேட்கலாம், பார்க்கலாம், உங்களிடம் இருப்பதை ஏற்றலாம். ரீசார்ஜ் தேவையில்லை.

எங்கள் பெட்டியில் இப்போது மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்கள் ஒன்று. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளின் வழியாக, இணையம் இல்லாமலே படிக்கும்படி இறக்கி வைத்த தமிழ் விக்கிப்பீடியா இன்னொன்று. மூன்றாவது, ஊர்க்காரர்கள் சேர்த்தது. முதல் இரண்டும் வேறு எங்கும் கிடைக்கும். மூன்றாவதற்காகத்தான் இத்தனை பாடு.

அதற்கு வாட்ஸ்ஆப் குழு போதாதா? எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே.

எங்கள் ஊர்க் குழுவில் போன ஆடி மாதம் யாரோ ஒருவர் ஏரி வரத்துக்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று அருமையாகப் பேசி அனுப்பினார். இன்று அதைத் தேடி எடுத்துக் கொடுங்கள், பார்க்கலாம். அதன் மேல் முந்நூறு காலை வணக்கப் பூங்கொத்துகள் விழுந்திருக்கும். செய்தியைக் கடத்த அந்தக் குழு நல்லது. வைத்துக் காப்பாற்ற அது ஆகாது. போன் மாற்றினால் போயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. "எல்லோர் கையிலும்" என்பது ஆண்கள் சொல்லும் கணக்கு. எங்கள் தெருவில் பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது காலையில் வீட்டுக்காரரோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்புகிறது. நூலகத்திலும் பால் சங்கத்திலும் நாங்கள் பழைய போன் ஒவ்வொன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பது அதனால்தான்.

உள்ளூர் அறிவு என்று பெரிதாகச் சொல்கிறீர்களே, எங்கள் ஊரில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர், கேட்டு முடித்த கையோடு, பாலாற்று மணலில் ஊற்றுக்கால் எடுக்கும் முறையை முக்கால் மணி நேரம் விளக்கினார். ஆறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் நீர் ஓடும். எந்த மட்டத்தில் எந்தச் சாய்வில் கால்வாய் பறித்தால் அந்த நீர் தானாக வயலுக்கு வந்து சேரும் என்பது ஒரு தனிக் கணக்கு. மணல் போன பிறகு அந்தக் கால்களும் போயின. கணக்குத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அதுதான் உள்ளூர் அறிவு.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கொடுத்தது காகிதம். விதைக்காக எந்தக் காயைச் செடியிலேயே பழுக்க விடுவது, அதை எப்படிக் காயவைத்து எடுத்து வைப்பது என்பது வீட்டுக்கு வீடு கைமாறி வந்த விஷயம். மலைமேல் சாமை விதைக்கிறவர்களிடம் மழைக்குறி பற்றி ஒரு பாடமே இருக்கிறது. பாரதக் கூத்து வாத்தியார்கள் பதினெட்டாம் போர் முழுவதையும் தலையில் சுமக்கிறார்கள். மாணவனுக்கு வாயால் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு எந்த அடவு என்பது எங்கள் வடார்க்காட்டுப் பாணியில் ஒரு மாதிரி, தெற்கே போனால் வேறு மாதிரி.

வெள்ளக் கணக்கு என்று ஒன்றும் இருக்கிறது. 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதற்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. 2021 நவம்பரிலும் பாலாறு கரைபுரண்டது. அப்போது எந்தத் தெருவில் எந்தப் படி வரைக்கும் நீர் வந்தது, எந்த ஏரி முதலில் நிரம்பிக் கோடி போனது, எந்த ஓடையில் தண்ணீர் பின்வாங்கி ஏறியது என்பதை ஊருக்கு ஊர் எழுதி வைத்திருந்தால், அடுத்த முறை யார் வீட்டை முதலில் காலி செய்ய வேண்டும் என்று தெரியும். தூண் நிறுத்த ஆள் கிடைக்கிறது. படியைக் குறித்துவைக்க ஆள் கிடைப்பதில்லை.

பள்ளிக்கூடத்துப் பெட்டியிலிருந்து காலனிக்கு எப்படிப் போகிறது? நடுவில் கம்பி ஒன்றும் காணோமே.

ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டிக்குக் கைமாற்றிவிடுகிறது. தேர் இழுக்கும்போது தண்ணீர்க் குடத்தைக் கைக்குக் கை கொடுப்பார்களே, அதைப் போல. இப்படி ஒன்றையொன்று தாங்கும் அமைப்புக்கு மெஷ் என்று பெயர். ஒரு பெட்டி படுத்துவிட்டால், வேறு பெட்டி வழியாகச் சுற்றிப்போக வழி இருந்தால் தானாகவே சுற்றிப்போகும். கடையில் வாங்கும் சாதாரண ரூட்டர் இதைச் செய்யாது. அதன் மென்பொருளை மாற்ற வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி, அதன்மேல் கட்டிய லிப்ரெமெஷ் இரண்டும் இலவசம். எல்லா ரூட்டரும் இதை ஏற்காது. ஆகவே வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைச் சரிபாருங்கள். சரிபார்க்காமல் வாங்கியது ஒன்று என் கடையில் இன்னும் எடைக்கல்லாக இருக்கிறது.

ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது முதல் விதி. ஆனால் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு தெரிந்தால் போதாது. அலை ஒரு தடித்த வாழைத்தண்டு வடிவில் பயணம் செய்கிறது, நடுவில் தடித்தும் இரு முனைகளில் ஒடுங்கியும். 5 கிலோமீட்டர் தொலைவுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்பினால், அந்தத் தண்டின் நடு ஆரம் ஏறக்குறைய 8 மீட்டர் இருக்கும். அதில் ஐந்தில் மூன்று பங்காவது மரம், கட்டடம் இல்லாமல் இருக்க வேண்டும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மாசி மாதம் ஆன்டெனாவைத் திருப்பிச் சோதித்தபோது இணைப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் நின்ற புங்க மரம் அப்போது மொட்டையாக இருந்தது. பங்குனியில் அது தளதளவென்று தழைத்தது, இணைப்பு செத்தது. இலையில் இருக்கும் நீர் அலையைக் குடித்துவிடும். மரத்தை வெட்டலாம் என்றார் ஒருவர். ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினோம்.

மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டால் போலீஸ் வருமா? உரிமம் வாங்க வேண்டாமா?

வைஃபை ஓடும் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மத்திய அரசு 2005 ஜனவரியில் திறந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வெளிப்புறப் பயன்பாட்டுக்குப் பெருமளவு இடம் கொடுத்தது 2018 அக்டோபரில். இதற்கு வரம்பு உண்டு. 2.4 பட்டையில் ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அது நிற்கும் கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்க ஒப்புதல் பெற்ற கருவியை வாங்கி, அதில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருப்பீர்கள்.

ஊருக்கு இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் சொல்கிறேன்.

எவ்வளவு செலவாகும்?

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எண் சொல்ல மாட்டேன். ஓர் இடத்துக்கு வேண்டியவை: ஒரு ரூட்டர், நல்ல கேபிள், மழைக்குத் தாங்கும் பெட்டி, பேட்டரி. எல்லா இடத்துக்கும் பொதுவாக அந்தச் சிறு கணினி ஒன்று. செலவில் பாதி, எவரும் கணக்குப் போடாத குழாய், கிளாம்பு, ஏணி வாடகை, ஆட்களுக்கு டீ என்று போகும்.

மின்சாரம் போனால்? இடி விழுந்தால்?

சிறு கணினியும் ரூட்டரும் சேர்ந்து சுமார் 10 வாட் சாப்பிடும். நாள் முழுவதும் ஓடினால் 240 வாட்மணி. 12 வோல்ட், 40 ஆம்பியர்மணி பேட்டரியில் இருப்பது 480 வாட்மணி. பாதிக்கு மேல் காலி செய்தால் சாதா லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, மின்சாரம் இல்லாமல் ஒரு நாள் தாங்கும். சூரியப் பலகை வைக்க நினைத்தால் 100 வாட் போதும். நம் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த வெயில்தான் ஆபத்தும். தகரக் கூரைக்கு அடியில் பெட்டியை வைத்தால் கத்திரி வெயிலில் ரூட்டர் தானாக நின்றுபோகும். நிழலான சுவரில், காற்றுப்போக்கோடு வையுங்கள். இடிக்கு, கம்பத்தை நிலத்தோடு இணைக்கும் எர்த் கம்பியும் கேபிளில் மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும். இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். குரங்குக்கு மட்டும் எனக்கு மருந்து தெரியவில்லை. கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டோம். இப்போது குழாயில் ஊஞ்சல் ஆடுகின்றன.

சேர்ந்தவுடன் "இணைய இணைப்பு இல்லை" என்று காட்டிவிட்டுப் போன் தானே துண்டித்துக்கொள்கிறதே. உங்கள் வைஃபை கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை. போன்கள் வைஃபையில் சேர்ந்ததும் வெளியுலகத்துக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால், இது உதவாது என்று முடிவு கட்டி மொபைல் டேட்டாவுக்கு ஓடும். "இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திரு" என்ற பொருளில் ஒரு கேள்வி திரையில் வரும். அதற்கு ஆம் என்று சொல்லுங்கள். வராவிட்டால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள். கடைக்கு வரும் புகார்களில் பாதி இதுதான்.

இதன் தம்பி ஒன்று இருக்கிறது. வலைப்பக்கத்திலேயே "பேசு" என்று ஒரு பொத்தான் வைத்தேன், வேலை செய்யவில்லை. பாதுகாப்பான முகவரி இல்லாத பக்கத்துக்கு உலாவி மைக்கைத் திறந்துவிடாது. நம் பெட்டிக்கு அந்த முகவரிச் சான்றிதழ் வாங்குவது தனித் தலைவலி. போனில் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவுச் செயலியில் பேசி, கோப்பை ஏற்றுங்கள். அதுவே போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் அம்மாவுக்காகத்தான் ஒலியிலிருந்து தொடங்கினோம். பக்கத்தைத் திறந்தால் எழுத்து வராது, படங்கள் வரும். ஏரி படத்தைத் தொட்டால் ஏரியைப் பற்றிய பேச்சு, மாட்டைத் தொட்டால் மாட்டு வைத்தியம். பேச்சை அமுக்கிச் சேமித்தால் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 15 மெகாபைட்தான். 128 ஜிபி மெமரி கார்டு ஒன்று ஊரில் இருக்கும் எல்லாப் பாட்டிகளின் பேச்சையும் தாங்கும்.

கடினமான பகுதி சேமிப்பது கிடையாது. மணிக்கணக்கான பேச்சில் விதைநேர்த்தி எந்த நிமிடத்தில் வருகிறது என்று யாராவது கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டோம். ஒரு பேச்சைக் கேட்டு ஐந்து இடத்தில் குறிப்புப் போட வேண்டும். பாட்டி சொல்லும் சொல் புரியாவிட்டால் நேரில் போய்க் கேட்க வேண்டும். "பாண்டில் என்றால் என்ன பாட்டி?" என்று ஒரு பெண் கேட்கப் போய், இன்னொரு மணி நேரப் பதிவோடு திரும்பினாள்.

இதை யாராவது முன்பு செய்திருக்கிறார்களா, அல்லது எங்களை வைத்துப் பரிசோதனையா?

நாம் ரொம்பத் தாமதம். 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அப்போது வைஃபை ஏது? வி.எச்.எப். வானொலிக் கருவிகள் வழியாகத் தகவலை அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் படித்தார்கள், கடலுக்குப் போகலாமா என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள். ஒலிபெருக்கிதான் எனக்குப் பிடித்த பகுதி. கணினியைத் தொடாதவருக்கும் தகவல் போய்ச் சேர்ந்தது.

தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இழுத்துக் கிராம மையங்களில் இருப்பவர்களை மருத்துவர் வீடியோவில் பார்க்க வழி செய்தது. 2.4 பட்டை திறந்த அதே 2005இல் இமாச்சலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் மெஷ் வலையமைப்பு எழுந்தது. நேபாளத்தில் நாங்கி என்ற மலைக்கிராமத்துக்கு மகாவீர் புன் என்ற ஆசிரியர் மரத்தின் உச்சியில்கூட ஆன்டெனா கட்டி இணைப்பு கொண்டுவந்தார். அவருக்கு 2007இல் மகசேசே விருது கிடைத்தது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலையமைப்பில் 30 ஆயிரத்துக்கு மேல் இணைப்பிடங்கள் உண்டு. நமக்கு நெருக்கமானது, கர்நாடகத்தில் துமகூரு அருகே தேவராயனதுர்க்கத்தில் ஜனஸ்து குழுவினர் செய்வது. ஊர்ப் பேச்சைப் பதிந்து குறிச்சொல் போட்டு மெஷ்ஷில் வைக்கிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன குறிப்புப் போடும் வேலைக்கு அண்ணன் அவர்கள்.

நாங்கள் வீட்டில் உருது பேசுகிறோம். அதைப் போட விடுவீர்களா?

பேரணாம்பட்டில் உருது, குடியாத்தத்தில் தெலுங்கு, மலைமேல் வேறு மாதிரித் தமிழ். எல்லாம் இந்த மாவட்டம்தான். தாராளமாகப் போடுங்கள். பேசியவர் எந்த மொழியில் பேசினாரோ அப்படியே இருக்கட்டும். தமிழில் இரண்டு நிமிடச் சுருக்கம் ஒன்றை யாராவது பேசிக் கூடவே ஏற்றட்டும். தோல் பதனிடும் வேலையில் கைதேர்ந்த ஒரு பெரியவரின் பேச்சு எங்களிடம் உருதுவில் இருக்கிறது. தோலின் தன்மையை விரலால் தடவிச் சொல்வதற்கு அவரிடம் இருக்கும் சொற்களுக்குத் தமிழில் ஈடு தேடி அவர் பேரன் இன்னும் தவிக்கிறான்.

பையன்கள் இதில் சினிமா ஏற்றிவிடுவார்களே?

ஏற்றினார்கள். முதல் வாரமே. யார் ஏற்றினாலும் நூலகர் ஒருமுறை பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும்படி மாற்றினோம். பிரச்சினை தீர்ந்தது.

பாம்புக்கடிக்கு வேர் அரைத்துக் கொடுத்தால் சரியாகும் என்று ஒருவர் பேசியிருக்கிறார். அதையும் வைப்பீர்களா?

இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டு எடுத்த முடிவு இது: அந்தப் பேச்சைப் பொது இடத்தில் வைக்கவில்லை. அதே படத்தைத் தொட்டால் இப்போது வரும் செய்தி, உடனே மருத்துவமனைக்குப் போ, கடித்த இடத்தைக் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, விஷமுறிவு மருந்துதான் வழி என்பது. விதையைப் பற்றித் தவறாகச் சொன்னால் ஒரு போகம் போகும். இதில் உயிர் போகும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதற்காக அந்தப் பெரியவர் சொன்னது எல்லாமே குப்பை என்று நினைக்காதீர்கள். எந்தப் புதரில் எந்தப் பருவத்தில் விரியன் படுத்திருக்கும் என்று அவர் சொன்ன பகுதியைத் தனியே வெட்டி வைத்திருக்கிறோம். கடி படாமலிருக்க அது உதவும். விஷமுறிவு மருந்துக்கே விஷம் எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு பிடித்து எடுக்கும் விஷம் அதில் பெரும்பங்கு. பரம்பரை அறிவும் மருத்துவமனையும் சந்திக்கிற இடம் அது.

மூலிகை ரகசியத்தை இதில் போட்டால் கம்பெனிக்காரன் காப்புரிமை வாங்கிவிட மாட்டானா?

நியாயமான பயம். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்தது, 1997இல் ரத்தானது. இது ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று பழைய நூல்களிலிருந்து எழுத்து ஆதாரம் காட்ட முடிந்ததால் வென்றார்கள். ஆக, எழுதி வைப்பதே சில சமயம் வேலி. ஆனால் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஒரு பைசா கொடுக்காமல் போகவும் வழி இருக்கிறது. வேலியும் திறந்த படலும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். மூலிகை விவரத்தை அந்தக் குழுவோடு பேசாமல் ஏற்றாதீர்கள். நாங்கள் பேச்சுகளை மூன்றாகப் பிரித்தோம்: வீட்டாருக்கு மட்டும், ஊருக்கு மட்டும், யாருக்கும். எதில் வைப்பது என்று சொல்வது பேசியவர். அவர் வாய் திறந்து "யாருக்கும்" என்று சொல்லாத வரை அது வீட்டோடுதான் இருக்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் வலையமைப்புக்கு இந்த ஒரு பெருமை உண்டு. கதவு நம் கையில்.

பேசிவிட்டுப் பிறகு "அழித்துவிடு" என்றால் அழிப்பீர்களா? அவர் இறந்துபோயிருந்தால்?

அழிப்போம், காரணம் கேட்க மாட்டோம். இப்படி ஒருவர் அழிக்கச் சொன்னார். அவர் பேச்சில் அண்ணன் தம்பி வரப்புத் தகராறு வந்துவிட்டது. இதனால்தான் ஏற்றிய அன்றே மற்ற ஊர்களுக்குப் பிரதி கொடுப்பதில்லை. ஒரு மாதம் ஆறப்போடுகிறோம்.

இறந்தவர் விஷயத்தில் எங்களுக்குச் சட்டம் தெரிந்து செய்தது ஒன்றும் இல்லை. குடும்பத்தைக் கேட்டோம். ஒரு வீட்டில் காரியம் முடியும் வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் அந்தம்மாளின் மகளே வந்து, திரும்பப் போடச் சொன்னார். தாலாட்டுதான் அது.

ஊர்த்தெருவில் பெட்டி வைத்தால் காலனிக்காரர்கள் வர மாட்டார்கள், காலனியில் வைத்தால் ஊரார் வர மாட்டார்கள். அலை மட்டும் எல்லாத் தெருவுக்கும் போய் என்ன பயன்?

இதைக் கேட்டவர் காலனிக்காரர். எனக்கு நேர்ப் பதில் இருக்கவில்லை. முதலில் பள்ளி, நூலகம், பால் சங்கம் என்று மூன்று பெட்டிதான் வைத்திருந்தோம். மூன்றும் ஊர்த்தெருப் பக்கம். "எல்லோருக்கும் பொது" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஏற்றியவர்களின் தெருவைப் பிறகு எண்ணிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. நான்காவது பெட்டி அதன் பிறகு வந்தது. இணைப்புக்கு அது தேவையே இல்லை, அலை அங்கே முன்பே எட்டியது. தேவைப்பட்டது ஒரு கூரையும், அதற்கு ஒரு சாவியும், அந்தச் சாவி அவர்கள் கையில் இருப்பதும்.

ஏரியில் மதகு திறக்கும் வேலையும் பறையடித்து ஊருக்குத் தெரிவிக்கும் வேலையும் காலனிக் குடும்பங்களின் கையில் இருந்தவை. ஏரியைப் பற்றிய எங்கள் பதிவுகளில் நிலம் வைத்திருப்பவர் சொன்னது ஒன்று, மதகில் இறங்கியவர் சொன்னது வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஒன்றைச் சரி என்று எழுதச் சொல்லிப் பேச்சு வந்தது, எழுதவில்லை.

ஃபைபர் வருகிறது, 5ஜி வருகிறது. இன்னும் இந்தப் பெட்டி எதற்கு?

வரட்டும், நல்லதுதான். பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சிக்குக் கண்ணாடியிழை வந்தால் நம் மெஷ்ஷின் ஒரு முனையை அதில் சேர்க்கலாம். இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்க 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.வாணி திட்டம் இருக்கிறது. அதில் சிறு கடைக்காரரும் தனி உரிமமோ கட்டணமோ இல்லாமல், பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பொது வைஃபை நடத்தலாம். உங்கள் வீட்டு இணைப்பை நீங்களாகத் தெருவுக்கு விற்காதீர்கள், அது தப்பு.

ஆனால் குழாய் பெரிதானால் உள்ளே வருவதுதான் பெருகும், நம்மிடமிருந்து போவது பெருகாது. மூன்றாவது கேள்வியில் சொன்ன ஊற்றுக்காலும் விதைக்கணக்கும் 5ஜியில் தேடினாலும் கிடைக்காது, யாரும் ஏற்றாத வரை. மலைமேல் ஏறினால் சிக்னல் எங்கே நிற்கும் என்று மலைக்காரர்களைக் கேளுங்கள். ஒரு பாறையைக் காட்டுவார்கள்.

நீங்கள் கடையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள்?

எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்பது இதைத்தான். அமைத்தவர் போனதும் அணைந்துபோன மையங்களைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். பணம் தீர்ந்து நின்றவற்றைவிட, கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் மாற்றலாகிப் போனதால் நின்றவை என்னை அதிகம் பயமுறுத்துகின்றன.

கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி நூலகப் பீரோவில் வைத்திருக்கிறோம். கணினிக்காரர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பதிவுகளின் பிரதி இரண்டு: ஒரு மெமரி கார்டு பள்ளியில், ஒன்று சமுதாயக்கூடத்தில். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்வது வழக்கம். ரூட்டரைத் துடைத்து மென்பொருளை முதலிலிருந்து ஏற்றும் வேலையைப் பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்தேன். போன வாரம் பால் சங்கத்துப் பெட்டி நின்றுபோனது. நான் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. புறப்பட்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணா, எர்த் கம்பியை மாடு பிடுங்கிவிட்டது, கட்டிவிட்டோம், கம்பிக்குக் காசு மட்டும் கொடுங்கள் என்றாள்.